மறியலில் இருக்கும் தம்பிக்கு இங்கிருந்து என்ன செய்யலாம்?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பி நாலு வருடத்துக்கு முதல் அமெரிக்கா போனவன். டெக்சாஸில் ஒரு பெற்றோல் செற்றில் வேலை. அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. போன கிழமை, கூட இருந்த பொடியனோடு வாய்த்தர்க்கம் வந்து கைகலப்பாகி, பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய் கவுண்டி மறியலில் வைத்திருக்கிறதாம். அங்கே இருக்கிற மச்சான்தான் சொன்னார். பிணைக்குப் பத்தாயிரம் டொலர் கேட்கிறார்களாம். தம்பியின் போனுக்கு எடுத்தால் மணி அடிப்பதே இல்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, இரவில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. வளவை ஈடு வைத்துக் காசு அனுப்பவா? வேறு என்ன செய்யலாம்?
கொக்குவிலில் இருந்து ஒரு சகோதரி

பதில்: தங்கச்சி, வளவை ஈடு வைக்கிற அலுவலை இன்றைக்கே நிறுத்தி வையுங்கள். காசு கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுவதற்கு முதல் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

அங்கே பிணை இரண்டு விதமாகக் கட்டலாம். முழுத்தொகையையும் கட்டினால், தம்பி ஒரு தவணையும் தவறாமல் நீதிமன்றத்துக்குப் போனால், வழக்கு முடிய அதில் பெரும்பகுதி திரும்பி வரும். அவ்வளவு காசு இல்லாதவர்கள் பிணை முகவரிடம் போவார்கள். அவர் பெரும்பாலும் பத்து வீதம், உங்கள் கணக்கில் ஆயிரம் டொலர் வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குத் தான் பொறுப்பு நிற்பார், ஆனால் அந்த ஆயிரம் போனது போனதுதான், வழக்கே தள்ளுபடியானாலும் திரும்பி வராது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்கு அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானவரைப் பொலிஸ் பிடித்தால், ஐஸ் என்று சொல்கிற குடிவரவுப் பிரிவு அந்த மறியலுக்கு ஒரு கடிதம் அனுப்பக்கூடும்: இவரை விடுகிற நேரம் உடனே விடாமல் 48 மணித்தியாலம் வரை வைத்திருங்கள், நாங்கள் வந்து எடுக்கிறோம் என்று. டெக்சாஸில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுண்டி மறியல்கள் அந்தக் கோரிக்கைக்கு இணங்கித்தான் ஆகவேண்டும். அப்படி ஒரு கடிதம் இருக்கும்போது நீங்கள் வளவை ஈடு வைத்துப் பிணை எடுத்தால் தம்பி வீட்டுக்கு வரமாட்டான், இந்த மறியலில் இருந்து குடிவரவுத் தடுப்பு முகாமுக்குப் போவான், முகவருக்குக் கொடுத்த காசும் போய்விடும். அதனால் மச்சான் முதலில் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: தம்பியின் பெயரில் அந்தக் குடிவரவுக் கடிதம், அங்கே ‘இமிகிரேஷன் டிடெய்னர்’ என்பார்கள், வந்திருக்கிறதா? மறியலுக்கு எடுத்தே கேட்கலாம், சட்டத்தரணி மூலம் கேட்டால் இன்னும் நல்லது.

சட்டத்தரணிக்குக் காசு எங்கே போவது என்று பதற வேண்டாம். குற்றவழக்கில், மறியலுக்குப் போகக்கூடிய குற்றச்சாட்டு என்றால், காசில்லாதவருக்கு நீதிமன்றமே சட்டத்தரணியை நியமிக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் கொடுத்த தீர்ப்பில் தொடங்கிய உரிமை அது, குடியுரிமை இல்லாதவர்களுக்கும் உண்டு. தம்பி அதை வாய் திறந்து கேட்க வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்க வேண்டும். ஆங்கிலம் சமாளிப்பான் என்று விட்டுவிடாதீர்கள். கடையில் கதைக்கிற ஆங்கிலம் வேறு, நீதவான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற ஆங்கிலம் வேறு.

இன்னொன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாளைக்கே வெளியில் வரலாம் என்று யாராவது அவனுக்குச் சொல்லக்கூடும், உள்ளே இருக்கிற சக மறியல்காரரே சொல்வார்கள். சின்னக் குற்றம்போலத் தெரிகிற ஒன்றை ஒப்புக்கொண்டாலும் அகதிக் கோரிக்கை அடிபட்டுப் போகலாம், நாடுகடத்தலில் முடியலாம். ஒப்புக்கொள்வதால் குடிவரவில் என்ன வரும் என்பதைச் சட்டத்தரணி சொல்லியாக வேண்டும் என்று 2010இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனவே குடிவரவுச் சட்டத்தரணியும் குற்றவழக்குச் சட்டத்தரணியும் ஒருவரோடொருவர் கதைக்கும்வரை தம்பி எதிலும் கையெழுத்து வைக்கக் கூடாது. நீங்கள் அனுப்பக்கூடிய காசு ஏதாவது இருந்தால் அதை முதலில் அந்தக் குடிவரவுச் சட்டத்தரணிக்குச் செலவழியுங்கள், ஏனென்றால் குடிவரவு வழக்குக்கு அரசாங்கம் இலவசமாக ஆள் தராது.

கவுண்டி மறியல் என்றதும் தண்டனை தீர்த்துவிட்டார்கள் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தந்த மாவட்டத்து ஷெரிப் நடத்துகிற இடம் அது. வழக்கு முடியாமல் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனைக்காரரும்தான் அங்கே இருப்பார்கள், நீண்ட தண்டனை என்றால் வேறு பெரிய சிறைக்குப் போவார்கள். நம்மூர் விளக்கமறியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனைக் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்க்கவில்லை. இதை அம்மாவுக்கும் இந்தச் சொற்களிலேயே சொல்லலாம்.

தம்பியின் போன் எடுபடாததற்குக் காரணம், உள்ளே கொண்டுபோகும்போதே அதை வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியில் இருந்து யாரும் எடுக்க முடியாது, உள்ளே இருப்பவர்தான் சுவரில் இருக்கிற தொலைபேசியில் இருந்து எடுப்பார். அதற்கு மச்சான், அந்த மறியல் பயன்படுத்துகிற தொலைபேசி நிறுவனத்தில் கணக்குத் திறந்து காசு போட வேண்டும். ஷெரிப் அலுவலக இணையத்தளத்தில் தம்பியின் பெயரையும் பிறந்த திகதியையும் போட்டுத் தேடினால் புக்கிங் நம்பர், அதாவது மறியலில் அவனைப் பதிந்த இலக்கம், கிடைக்கும். ஒன்றும் அகப்படாவிட்டால் பெயரை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நம்முடைய தகப்பன் பெயரை அவர்கள் முதற்பெயராகவும் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்து வைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. அந்த நம்பரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், இனி எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

கதைக்கிறபோது வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். யார் முதலில் அடித்தது, என்ன நடந்தது, மற்றப் பொடியன் எங்கே, ஒன்றும் வேண்டாம். சட்டத்தரணியோடு கதைக்கிறதைத் தவிர அங்கே எல்லா அழைப்பும் பதிவாகும், வழக்குத் தொடுநர் அதை எடுத்து நீதிமன்றத்தில் போடலாம். தமிழில்தானே கதைக்கிறோம், யாருக்கு விளங்கப் போகிறது என்று எண்ண வேண்டாம், மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. மற்றப் பொடியனுக்கு எடுத்து “விட்டுவிடு தம்பி” என்று கெஞ்சுவதும் கூடாது. சாட்சியை மிரட்டினதாக அதை எடுத்துக்கொள்ளக்கூடும்.

அதோடு, மச்சான் நல்ல மனதோடு உங்களையும் வட்ஸ்அப்பில் எடுத்து இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக் கதைக்க விடுகிறேன் என்பார். பல மறியல்களில் அப்படி மூன்றாம் ஆளை இணைப்பதற்குத் தடை, கண்டுபிடித்தால் அழைப்பை வெட்டுவார்கள், தம்பிக்குத் தொலைபேசியே கொஞ்ச நாளைக்கு இல்லாமல் போகலாம். வெளிநாட்டு நம்பருக்கு நேரே எடுக்க அந்த மறியலில் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அங்கே இரவு எட்டு மணி என்பது இங்கே கோடையில் விடிய ஆறரை, மாரியில் ஏழரை. அந்த நேரம் போன் சார்ஜோடு கையில் இருக்கட்டும், தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது என் சின்ன மாமாவை மறியலில் வைத்திருந்தார்கள். அம்மம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவித்து, வாட்டின வாழையிலையில் சுற்றி, நியூஸ் பேப்பரால் இன்னொரு சுற்றுச் சுற்றிச் சணல் நூலால் கட்டுவா. மறியல் வாசலில் காவலர் அதைப் பிரித்து, ஒரு கம்பியை விட்டு மூன்று நாலு இடத்தில் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். மாமா வெளியில் வந்து கனகாலம் கழித்துச் சொன்னார், புட்டு எப்போதும் ஆறித்தான் வரும், ஆனால் அந்தக் கம்பி போன ஓட்டையைக் காணும்போது அம்மா வாசலில் நிற்கிறா என்று தெரியும் என்று. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து மறைத்திருந்தால் அம்மம்மாவுக்கு வாசலில் நிற்கிற அந்த வேலைகூடக் கிடைத்திருக்காது. உங்கள் அம்மாவுக்கும் ஒரு வேலை வேண்டும். இப்போது அவ, என்ன நடந்தது என்று தெரியாமல் அதைவிடக் கொடியதெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனை மடியில் வைத்திருக்கிறா.

கவுண்டி மறியலுக்குள் சாப்பாடு கொண்டுபோக முடியாது, வாசலில் போய் நின்றாலும் வாங்கமாட்டார்கள். அதற்குப் பதில் கொமிசரி என்று உள்ளே ஒரு கடை, தம்பியின் கணக்கில் மச்சான் காசு போட்டால் அவன் சவர்க்காரம், பற்பசை, நூடில்ஸ் வாங்கிக்கொள்வான். மொத்தமாகப் போட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், கையில் நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே சிலர் நெருக்குவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடமாட்டான் என்றால், சமயக் காரணத்துக்காக வேறு சாப்பாடு வேண்டும் என்று அவன்தான் எழுதிக் கேட்க வேண்டும். முட்டு வருத்தம், சீனி வருத்தம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே மச்சானை அந்த மறியலின் மருத்துவப் பிரிவுக்கு எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வைத்தியர் எழுதினது எல்லாம் சொல்ல வேண்டும். வீட்டு மருந்தைப் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள்.

கடிதம் எழுதலாம். பல இடங்களில் கடிதத்தை ஸ்கான் பண்ணித்தான் கொடுக்கிறார்கள், அதனால் திருநீற்றுப் பொட்டலம், படம் ஒட்டின அட்டை ஒன்றும் வைக்காமல் வெறும் தாளில் எழுதுங்கள். அம்மாவையே எழுத விடுங்கள். மாமரம் காய்த்தது, ஆடு குட்டி போட்டது, நல்லூரில் இன்றைக்கு என்ன திருவிழா, அதுதான் அவனுக்கு வேண்டும்.

தூதரகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லப் போகிறார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். பிடிபட்ட வெளிநாட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்க உரிமை உண்டு, 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை அது. சாதாரண ஆளுக்கு அது உதவி. தம்பியோ இலங்கை அரசுக்குப் பயந்து தஞ்சம் கேட்டவன். குடிவரவுச் சட்டத்தரணி சரி என்று சொல்லும்வரை வீட்டில் யாரும் வாஷிங்டன் தூதரகத்துக்கோ, யாழ்ப்பாணத்தில் இருக்கிற வெளிவிவகார அமைச்சின் கிளை அலுவலகத்துக்கோ போய் அவனுடைய விபரத்தைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் கனடாவில். நேற்று ஒருவர் போன் எடுத்து, மகன் அமெரிக்க எல்லையில் பிடிபட்டு மறியலில் இருக்கிறான், தான் சட்டத்தரணி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஐந்து இலட்சம் உண்டியலில் போட்டால் எடுத்துவிடலாம் என்றார். பின்னால் யாரோ அழுகிற சத்தமும் கேட்டது.
சாவகச்சேரியில் இருந்து ஒரு அப்பா

பதில்: போடாதீர்கள் ஐயா. மகனின் நம்பருக்கு நீங்களே எடுங்கள், அவர் எடுக்காவிட்டால் அவரோடு இருப்பவர்களுக்கு எடுங்கள். எந்த நீதிமன்றமும் உண்டியலில் பிணைக்காசு வாங்காது. உண்மையான சட்டத்தரணி என்றால் எந்த மறியல், என்ன புக்கிங் நம்பர் என்று சொல்லுவார், அதை அந்த மறியலிலேயே கேட்டுச் சரிபார்க்கலாம். அழுகைச் சத்தத்தை நம்பி ஓட வேண்டாம், அதைச் செய்வது சுலபம்.

கேள்வி: கடன் பிரச்சினை ஒன்றில் கணவரை யாழ்ப்பாணத்தில் விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள். எட்டு வயது மகளுக்கு, அப்பா கடலுக்குப் போய்விட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள் போல, இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை.
குருநகரில் இருந்து ஒரு வாசகி

பதில்: அவளுக்கு அப்பா மறியலில் இருப்பதைவிட நீங்கள் மறைத்ததுதான் கோபம் என்று நினைக்கிறேன். இன்றைக்கு இரவு படுக்கும்போது பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்: அப்பா ஒரு காசுப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டார், நீதவான் விசாரிக்கும்வரை ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள், அப்பாவுக்குச் சாப்பாடு கிடைக்கிறது, இது உன்னால் வந்தது இல்லை. கடைசி வசனத்தை மறக்க வேண்டாம், அந்த வயதில் பிள்ளைகள் தாங்கள்தான் காரணம் என்று மனதுக்குள் வைத்திருப்பார்கள். வகுப்பு ரீச்சருக்கும் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வழக்கைப் பொறுத்தவரை, வழக்கமாகப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை தவணை வரும், ஒவ்வொன்றிலும் பிணை கேட்கலாம். 1997ஆம் ஆண்டு 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. காசு கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள், வருமானம் பற்றிக் கேட்பார்கள், கிராம அலுவலரிடம் கடிதம் ஒன்று எடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் தரம் அலையத் தேவையில்லை. பார்க்கப் போகும்போது அடையாள அட்டை கட்டாயம். அவர் தண்டனைக் கைதி இல்லை, விளக்கமறியல் கைதிக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். மீன்குழம்பு வைத்தால் முள் எடுத்துவிட்டு வையுங்கள், கிளறிப் பார்ப்பார்கள். மகள் ஒரு படம் கீறித் தந்தால் அதையும் கையில் கொண்டுபோங்கள், உள்ளே வாங்காவிட்டாலும் நீங்கள் பிடித்துக் காட்டலாம்.