வெயில் இலவசம், வட்டி?

கேள்வி: உலகமே சூடாகிக்கொண்டிருக்கும்போது ஆப்பிரிக்க நாடுகள் புதிதாக எரிவாயு எடுக்கக் கிளம்புவது பொறுப்பற்ற செயல் இல்லையா? ஐரோப்பா அதற்குப் பணம் தர மறுப்பது நியாயம்தானே? வெயிலுக்கா அங்கே பஞ்சம்?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐரோப்பா மறுத்தது எத்தனை மாதம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்.

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 30-க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்திட்டன: அடுத்த ஆண்டு முடிவதற்குள், வெளிநாடுகளில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அரசுப் பணம் தருவதை நிறுத்துவோம் என்று. ஜெர்மனியும் அதில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் அன்றைய அதிபர் மேக்கி சால் ஆட்சேபித்தார். அப்போது அவர் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கும் கனரக எண்ணெயை எரித்துக் கிடைத்தது. பக்கத்து நாடான மொரிட்டானியாவுடன் பங்கு போட்டுக்கொள்ளும் கடலடி எரிவாயு 2015-லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எண்ணெய்க்குப் பதில் அதை எரித்தால் அனல் நிலையப் புகை குறையத்தான் செய்யும். யார் கேட்டார்கள்?

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ரஷ்ய எரிவாயுவை நம்பியிருந்த ஐரோப்பாவுக்குக் கலக்கம். மே மாதமே அன்றைய ஜெர்மன் அதிபர் ஓலாஃப் ஷோல்ஸ் செனகலின் தலைநகர் டக்காரில் நின்றார். எரிவாயு எடுப்பதில் ஒத்துழைக்க ஆர்வமாக இருக்கிறோம் என்றார். கையெழுத்திட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் ஊரில் மூடி வைத்திருந்த நிலக்கரி மின்நிலையங்கள் மறுபடி புகைய ஆரம்பித்தன. திரவ எரிவாயுக் கப்பல் வந்து நிற்க வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் ஏழு மாதத்துக்குள் முனையம் கட்டி முடித்தார்கள். 2023 ஜனவரியில் பழுப்பு நிலக்கரிக்காக லுட்செராத் என்ற கிராமத்தைப் போலீஸை விட்டுக் காலி செய்தார்கள்.

குளிரில் மக்கள் நடுங்கக் கூடாது என்று ஓர் அரசு நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். டக்காரில் இருப்பவருக்கும் அந்த நினைப்பு வரலாம் என்பதுதான் விஷயம். 2022-ல் ஐரோப்பா என்ன விலையானாலும் பரவாயில்லை என்று சந்தையில் இருந்த எரிவாயுவை வாரிக்கொண்டது. பாகிஸ்தான் எரிவாயு வாங்க டெண்டர் விட்டது. ஒருவர்கூட விலை சொல்லவில்லை. வங்கதேசம் கட்டுப்படியாகாமல் வாங்குவதை நிறுத்தி, நேரம் குறித்து மின்வெட்டு அறிவித்தது.

சரி, வெயில். அனல் மின்நிலையத்துக்கு எரிபொருள் செலவு மாதாமாதம் வரும். சூரிய மின்சாரத்தில் கிட்டத்தட்ட எல்லாச் செலவும் முதல் நாளே. ஆகவே கடன் வாங்காமல் நடக்காது. விலையைத் தீர்மானிப்பது வெயிலைவிட வட்டிதான். ஐரோப்பாவில் கிடைப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு வட்டிக்கு ஆப்பிரிக்காவில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதே தகடு, அதைவிட நல்ல வெயில், ஆனாலும் யூனிட் விலை ஏறுகிறது. சகாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேருக்கு இன்னும் மின்சாரமே இல்லை. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009-ல் கோபன்ஹேகன் மாநாட்டில் பணக்கார நாடுகள் சொன்னார்களே, 2020 கெடு தாண்டி 2022-ல்தான் அந்தத் தொகை எட்டியது. அதிலும் பெரும்பகுதி கடன். 2023-ல் பசுமை மின்சாரத்துக்காகச் செனகலுக்கென்று அவர்கள் அறிவித்த 250 கோடி யூரோவும் பெரும்பாலும் அப்படித்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம்மூர்க்காரர்கள் குஷியாகிவிட வேண்டாம். ஏழைகளையும் சேர்த்து வகுத்து 'இந்தியாவில் தலைக்கு இவ்வளவு புகைதான்' என்று கணக்குக் காட்டி, ஆளுக்கொரு அறையில் ஏசி ஓட்டுகிறவர்களும் தப்பிக்கிறார்கள். அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.

செனகல் கடலிலிருந்து முதல் கப்பல் எரிவாயு 2025 ஏப்ரலில் கிளம்பியது. முதல் கட்டத்தில் திரவமாக்கி ஏற்றுவது முழுவதையும் வாங்கிக்கொள்ள ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. உள்நாட்டுக்கு என்று ஒதுக்கியது சிறு பங்கு. எதிரே சான் லூயி கரையில் இருக்கும் மீனவர்கள், மீன் கூடும் பாறைத்திட்டுக்கு மேலேயே எரிவாயு மேடையை நிறுத்திவிட்டார்கள் என்று முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொறுப்பு பற்றிக் கேட்டீர்களே, அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.