கேள்வி–பதில்: துளைத்தாளில் சிக்கிய எனிக்மா

கேள்வி: எனிக்மாவை உடைத்தது பிரிட்டனா, போலந்தா? துளை போட்ட தாள்களை வைத்தே உடைத்தார்கள் என்கிறார்களே, எப்படி?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் ராணுவம் ரகசியச் செய்தி அனுப்பிய, சுழலும் சக்கரங்கள் கொண்ட கருவிதான் எனிக்மா. அதை உடைத்ததில் அடித்தளம் போலந்துடையது. பிரெஞ்சு உளவுத்துறை வாங்கித் தந்த ஜெர்மன் ஆவணங்களின் துணையோடு, 1932 டிசம்பரில் போலந்துக் கணித வல்லுநர் மரியன் ரெயெவ்ஸ்கி சக்கரங்களின் உள்கம்பி இணைப்பைக் கணக்குப் போட்டே பிடித்துவிட்டார்.

துளைத்தாள், அவருடைய சகா ஹென்ரிக் ஸிகால்ஸ்கியின் வேலை. அன்றைய ஜெர்மன் விதிப்படி மூன்றெழுத்துச் சாவியை இரண்டு முறை மறையாக்கி, ஆறு எழுத்தாக அனுப்ப வேண்டும். சில செய்திகளில் 1-ஆம் எழுத்தும் 4-ஆம் எழுத்தும் ஒன்றாகவே வந்து விழும். நூற்றுக்குச் சுமார் 40 சக்கர நிலைகளில்தான் இது சாத்தியம். எழுத்துகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றும் பிளக்போர்டு என்ற பலகையின் கம்பிகளை எப்படி மாற்றிச் செருகினாலும் இந்த ஒற்றுமை குலையாது. முறையின் உயிரே அதுதான்.

சாத்தியமான நிலைகளில் மட்டும் தாளில் துளை. இடப்பக்கச் சக்கரத்தின் ஓர் எழுத்துக்கு ஒரு தாள். மற்ற இரு சக்கரங்களுக்கு 26×26, அதாவது 676 நிலைகள். அன்றைய செய்திகளுக்கான தாள்களை விளக்கின் மேல் அடுக்க அடுக்க, ஒளி புகும் நிலைகள் 676 என்பது 270, 108, 43 எனக் கரையும். பத்துப் பன்னிரண்டு தாளில் ஒரே துளை மிஞ்சும். பொய்த்துளையும் மிஞ்சலாம், சரிபார்த்தே ஆக வேண்டும்.

1938 டிசம்பரில் ஜெர்மனி இருந்த மூன்றோடு மேலும் இரண்டு சக்கரம் சேர்த்தது. கருவியில் சக்கரங்களை அடுக்கும் வழி 6 என்பது 60 ஆனது; தேவை 1560 தாள், ஒவ்வொன்றிலும் சுமார் 1000 துளை! கையால் பிளேடு பிடித்து அறுத்தால் தீருமா? 1939 ஜூலையில் வார்சா அருகே பிரியில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் நிபுணர்களை உட்காரவைத்து, நகல் எனிக்மா உட்பட எல்லாவற்றையும் போலந்து ஒப்படைத்தது. தாள்களை பிரிட்டனின் மறையுடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க் செய்து முடித்தது. 1940 ஜனவரியில் அங்கிருந்த கணித வல்லுநர் ஆலன் டூரிங் பிரான்சிலிருந்த போலந்துக் குழுவிடம் அவற்றைக் கொண்டுபோனார். அம்மாதமே சாவி சிக்கியது. மே மாதம் ஜெர்மனி இரட்டை மறையாக்கத்தைக் கைவிட, தாள்கள் வேலைக்கு ஆகாமல் போயின.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்கு 6 எழுத்து மாதிரி செய்தோம். அடுக்கினால் வெளிச்சமே தெரியவில்லை.
– ஆசிரியர், குன்னூர்

பதில்: தாள்களை நேருக்கு நேர் அடுக்கினீர்களா? செய்தியில் குறித்த சக்கரத் தொடக்க எழுத்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு கட்டம் தாளையும் நகர்த்த வேண்டும். அதற்குத்தான் அசல் தாள் 51×51; உங்களுக்கு 11×11 போதும். அடுத்தது ஈரம். உங்கள் ஊர் மழைமூட்டத்தில் சார்ட் அட்டை ஊதி, துளைகள் விலகும். பிளாஸ்டிக் ஷீட்டில் செய்யுங்கள். கை பஞ்ச் நடுக்கட்டத்துக்கு எட்டாது. செருப்புத் தைப்பவரின் துளை உளியை வாங்கி, மரப்பலகை மேல் வைத்து ஒரே அடி.