'போனி கேட்' எந்த ஊர்ப் பெண்?

வணக்கம் ஐயா,

மைக்கேல் கோல்மன் ஃபிடிலில் வாசித்த 'போனி கேட்' என்ற ஐரிஷ் ரீலை, அந்த வேகமான நடன மெட்டை, சில நாட்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் போட்டது யார்? அந்தக் கேட் அயர்லாந்தில் எந்த ஊர்ப் பெண்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அவள் அயர்லாந்துக்காரியே இல்லை. மெட்டைப் போட்டது ஸ்காட்லாந்துக்காரரான டேனியல் டௌ, 18ஆம் நூற்றாண்டில். அவர் வைத்த பெயர் 'ஃபிஷரோ ஊரின் அழகி'. ஃபிஷரோ என்பது எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள மீன்பிடித் துறை. வழியில் எங்கேயோ அழகிக்குக் கேட் என்று பெயர் விழுந்துவிட்டது. ரீல்களின் பெயரை வைத்துக் கதை தேடாதீர்கள். ஒரே மெட்டு ஊருக்கொரு பெயரில் உலவும். ஒரே பெயரில் வேறு வேறு மெட்டுகளும் இருக்கும்.

ரீல் என்ற வகையே ஸ்காட்லாந்திலிருந்து வந்ததுதான். (மெட்டுக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. மதுரைக்காரர் என்பதால் சொல்கிறேன்: முத்துசுவாமி தீட்சிதரின் 'வந்தே மீனாட்சி' நோட்டுஸ்வரம், 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் மெட்டில் அமைந்தது.)

அப்படியானால் இதில் ஐரிஷ் எது என்று கேட்பீர்கள். வாசிப்புதான். கோல்மன் 1891இல் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தின் கில்லவில் பகுதியில் பிறந்தவர். 1914இல் அமெரிக்கா போனார். பெயர் வாங்கித் தந்த இசைத்தட்டுகள் எல்லாம் அங்கே பதிவானவை. 'போனி கேட்' 1930களில் வந்தது. அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும். அதற்குள் 'ஜென்னிஸ் சிக்கன்ஸ்' என்ற இன்னொரு ரீலையும் சேர்த்து முடிக்கிறார். அதற்கும் பூர்வீகம் ஸ்காட்லாந்துதான்!

எட்டெட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ரீலின் சட்டகம் அவ்வளவே. அதே பகுதி திரும்பி வரும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நீட்டிப் பிடிக்க வேண்டிய சுரத்தை மேல் சுரமும் கீழ் சுரமும் தொட்டு விரலாலேயே சுழற்றிவிடுகிறார். இதை 'ரோல்' என்பார்கள். இன்னோர் இடத்தில் ஒரே சுரத்தை வில்லால் படபடவென்று மூன்றாக நறுக்குகிறார். ஆடுபவரின் கால் மட்டும் எங்கும் தடுக்காது.

இந்தத் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போனதும், ஸ்லைகோ பாணிதான் சரியான பாணி என்றாகிவிட்டது. உள்ளூர் பாணியை விட்டுவிட்டு கோல்மனைப் போலவே வாசிக்க முயன்றவர்கள் பலர். அவர் பெரிய கலைஞர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம், அயர்லாந்தின் டோனகல் மாவட்டத்தைச் சேர்ந்த ஃபிடில்காரர் ஜான் டோஹர்ட்டியையும் தேடிக் கேளுங்கள். ஊர் ஊராகப் போய்த் தகர வேலை செய்தவர். ஒரே வில்லிழுப்பில் பல சுரங்களை இழைக்கும் கோல்மனின் வழுக்கல் அவரிடம் கிடையாது. சுரத்துக்கு ஒரு வில்லாக வெட்டி வெட்டி வாசிப்பார். ஸ்காட்லாந்து வாடை அதில் தூக்கலாகவே அடிக்கும்.