பார்க்காமலே பிடிபடும் பொய்

கேள்வி: யாரும் பார்க்காத இடத்தில் பகடை உருட்டச் சொல்லிவிட்டு, 'இத்தனை பேர் பொய் சொன்னார்கள்' என்கிறார்களே உளவியல் ஆய்வாளர்கள்? பார்க்காமல் எப்படித் தெரியும்? நேர்மை பற்றிய ஆய்விலேயே போலிக் கணக்கு காட்டியவர்கள்தானே இவர்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: யாரும் பார்க்கவில்லை என்ற தைரியம் இருந்தால்தானே பொய் வெளியே வரும்! ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் ஃபிஷ்பாக்கர், ஃபோல்மி-ஹோய்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மாணவர் தனியாக உட்கார்ந்து பகடையை உருட்டுவார். முதலில் விழுந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் ஒரு ஃபிராங்க் (அந்த ஊர்ப் பணம்), ஐந்து என்றால் ஐந்து ஃபிராங்க், ஆறு என்றால் ஒன்றும் கிடையாது. எல்லோரும் உண்மை சொன்னால் ஒவ்வொரு எண்ணும் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பேருக்கு விழ வேண்டும். 'ஐந்து' என்றவர்கள் 35 சதவீதம். 'ஆறு' என்றவர்கள் ஆறு சதவீதம் சொச்சம்தான்.

யார் பொய்யர் என்று இதில் தெரியாது, சரி. கூட்டத்தில் எவ்வளவு பொய் என்பது தெரிகிறது. என்னை உலுக்கியது 'நான்கு'. அதைச் சொன்னவர்கள் 27 சதவீதம்! ஐந்து என்று சொல்லவே வாய்ப்பிருந்தும், சிலர் கூசிப்போய் ஒரு ஃபிராங்கை விட்டிருக்கிறார்கள். காசும் வேண்டும், யோக்கியன் என்ற பெயரும் வேண்டும். அப்புறம், கைக்கு ஒன்றும் வராது என்று தெரிந்தே 'ஆறு' என்று சொன்ன பிள்ளைகளும் இருந்தார்களே, அவர்களை மறந்துவிடாதீர்கள்.

இது வெறும் விளையாட்டும் அல்ல. ஹன்னா, வாங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பெங்களூரு கல்லூரி மாணவர்களை ஆளுக்கு 42 முறை உருட்ட வைத்தார்கள். அத்தனை முறை உருட்டினால், யார் கூட்டிச் சொல்கிறார் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். கூட்டிச் சொன்னதாகத் தெரிந்தவர்களிடம் அரசு வேலை ஆசை அதிகம் இருந்தது. அரசு நர்ஸுகளிடமும் இதே சோதனை செய்தார்கள். பகடையில் கூட்டிச் சொன்னவர்களே டியூட்டிக்கு வராமல் ஏமாற்றுவதிலும் முன்னால் நின்றார்கள்.

போலிக் கணக்குக்கு வருகிறேன். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். படிவத்தின் கீழே போடும் கையெழுத்தை மேலேயே போடச் சொன்னால் உண்மை எழுதுவார்கள் என்று 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. கார் எத்தனை மைல் ஓடியது என்று மீட்டர் பார்த்து எழுதும் 13,000க்கும் மேற்பட்ட இன்ஷூரன்ஸ் படிவங்களை அது ஆதாரமாகக் காட்டியது. பல ஊர்களில் அதிகாரிகள் அதை நம்பினார்கள். கொடுமை அது.

ஆனால் பிடித்தது யார்? இதே போன்ற ஆய்வாளர்கள்தான்: பெயர் சொல்லாத சிலர் பகடைக்குப் போட்ட மாதிரிக் கணக்கைப் போட்டுப் பிடிக்க, 2021-இல் இதே துறைக்காரர்கள் மூன்று பேர் அதை வெளியிட்டார்கள். கார்கள் ஓடிய தூரம் என்றால் நடுவில் குவிந்து இரண்டு ஓரமும் மெலிய வேண்டும். இங்கே பூஜ்யத்திலிருந்து 50,000 மைல் வரை மட்டமாகப் பரவி, அதோடு வெட்டினாற்போல் நின்றது. ஆளைக் கேட்டு எழுதும் மீட்டர் கணக்கில் 17,000, 25,000 என்று முழு எண்கள் விழும். முதலில் எடுத்த மீட்டர் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. பிறகு அதே கார்களுக்கு எடுத்ததாகச் சொன்ன இரண்டாவது பட்டியலில், முழு எண்ணாக எழுதும் அந்தப் பழக்கத்தின் சுவடே இல்லை. அந்தச் செப்டம்பரில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.