மார்டி கிராவைப் பர்பன் தெருவில் தேடாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மார்டி கிரா திருவிழா, தவக்காலத்தின் பெயரைச் சொல்லிக் குடித்துக் கூத்தடிக்கச் சுற்றுலாக்காரர்கள் கிளப்பிவிட்ட வியாபாரம்தானே? பாசிமாலைக்காக நடுத்தெருவில் அநாகரிகம் செய்யும் கூட்டத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: காணொளிகளில் நீங்கள் பார்த்தது பர்பன் தெருவை. அந்தத் தெரு இருக்கும் பிரெஞ்சு குவார்ட்டருக்குள் 1973 முதல் பெரிய அலங்கார ஊர்திகள் நுழைவதே இல்லை. தெருக்கள் குறுகலானவை, தீப்பிடித்தால் ஆபத்து என்று நகர நிர்வாகம் தடுத்துவிட்டது. பெரிய ஊர்வலங்களே போகாத ஒரு தெருவை வைத்து ஒரு ஊரின் திருவிழாவை எடைபோடுவது நியாயமில்லை.

வியாபாரம் என்ற குற்றச்சாட்டும் நிற்காது. ஓட்டல்காரர்கள் சம்பாதிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் நியூ ஆர்லியன்ஸில் ஊர்வல ஊர்தியில் எந்த நிறுவனமும் விளம்பரம் வைக்க முடியாது; நகரச் சட்டமே தடை செய்கிறது. ஊர்வலத்தை நடத்துபவை ‘க்ரூ’ எனப்படும் சங்கங்கள். ஊர்தி, இசைக்குழு எல்லாம் உறுப்பினர் சந்தாவில் நடக்கின்றன. கூட்டத்துக்கு வீசும் மாலைகளையும் அலங்காரக் காசுகளையும் ஊர்தியில் ஏறுபவர்களே கைக்காசு போட்டு வாங்குகிறார்கள். அவர்கள் முகமூடி அணிந்தே தீரவேண்டும் என்பதும் சட்டம். வாரி இறைப்பவர் யாரென்று தெரியாது.

இனி தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். பழைய ஒழுங்கில் நோன்பு நாள்களில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, வெண்ணெய், கொழுப்பு எல்லாமே விலக்கு. வீட்டில் இருப்பதை வீணாக்காமல் தின்று தீர்க்கக் கடைசி நாள், நோன்பு தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாய்; அதுதான் மார்டி கிரா. கொழுத்த காளையின் உருவம் இன்றும் ரெக்ஸ் என்ற க்ரூவின் ஊர்வலத்தில் வருவது இதனால்தான். தேதியும் ஈஸ்டரைப் பிடித்தே நகர்கிறது. நோன்பு நாள்கள் 40, கணக்கில் சேராத ஞாயிறுகள் 6, அதற்கு முந்தைய நாள் 1: ஆக, ஈஸ்டரிலிருந்து 47 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. மார்டி கிரா பிப்ரவரி 9. அன்று நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்ததும் குதிரைப் போலீஸ் வந்து தெருவைக் காலி செய்கிறது. புதன் பிறந்துவிட்டது, விழா முடிந்தது. தவக்காலத்தோடு இவ்வளவு கறாராகக் கட்டுண்ட விழாவைப் பார்த்து என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள்!

சுற்றுலா என்ற தொழில் தலையெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே இது அங்கே வந்துவிட்டது. 1699 மார்ச் 3, மார்டி கிரா நாள். மிசிசிப்பி ஆற்றில் ஏறிவந்த பிரெஞ்சுக்காரர்களான இபர்வில், பியென்வில் சகோதரர்கள் தாங்கள் தங்கிய இடத்துக்கு அந்த நாளின் பெயரையே சூட்டினார்கள். நியூ ஆர்லியன்ஸ் உருவானது 1718இல்தான். அதனால் முதல் பெருமை எங்களுக்கே என்று, அதற்கு முன்பே உருவான அலபாமா மாநிலத்து மொபீல் நகரத்தார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1830இல் அங்கே தொடங்கிய கௌபெல்லியன் சங்கம் புத்தாண்டு இரவில் ஊர்வலம் போனது. மொபீல்காரர்கள் சிலரும் சேர்ந்துதான் நியூ ஆர்லியன்ஸில் கோமஸ் என்ற க்ரூவைத் தொடங்கி, 1857இல் தீவட்டி வெளிச்சத்தில் ஊர்தி ஊர்வலம் விட்டார்கள். அதற்கு முன் அங்கே விழா அடிதடியில் சீரழிந்து, நிறுத்திவிடலாம் என்ற பேச்சு எழுந்திருந்தது. 1872இல் ரெக்ஸ் வந்தது. ஊதா, பச்சை, பொன் நிறங்கள் அதன் கொடை.

கண்டிக்க வேண்டுமென்றால் நியாயமான இடம் வேறு இருக்கிறது. அந்தத் தீவட்டிகளைச் சுமந்தவர்கள் கறுப்பின மக்கள். அதே க்ரூக்களில் உறுப்பினராக அவர்களுக்கு அன்று இடமில்லை. 1992இல் நகர மன்றம், பாகுபாடு காட்டும் சங்கத்துக்கு ஊர்வல அனுமதி கிடையாது என்றது. கோமஸ், மோமஸ், புரோட்டியஸ் மூன்றும் தெருவைவிட்டே விலகின. புரோட்டியஸ் மட்டும் 2000இல் திரும்பியது. ஆனால் கறுப்பின மக்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 1909 முதல் ஜூலு சங்கம் வலம் வருகிறது. 1949இல் அதன் ஊர்வல அரசர், ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர்கள் தரும் வண்ணத் தேங்காய்தான் விழாவிலேயே அரிய பரிசு. வீசினால் மண்டை உடையும், ஆகவே கையில் கொடுக்கிறார்கள். அமெரிக்கப் பழங்குடியினர் பாணியில் உடுத்தும் ‘மார்டி கிரா இந்தியன்ஸ்’ என்ற கறுப்பினக் குழுவினர் ஆண்டு முழுக்க உட்கார்ந்து பாசியும் இறகும் கோத்துத் தைக்கும் உடையைப் பார்த்தால், குடிகாரக் கூத்து என்று சொல்ல நாக்கு எழாது.

நகரத்துக்கு மேற்கே மாமு, யூனிஸ் போன்ற சிற்றூர்களில் முறை முற்றிலும் வேறு. கனடாவிலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய அக்காடியரின் வழிவந்த கேஜன் மக்கள் கம்பிவலை முகமூடியும் கூம்புத் தொப்பியுமாகக் குதிரையில் வீடுவீடாகப் போகிறார்கள். முகமூடி இல்லாத ‘கப்பித்தான்’ ஒருவர் வெள்ளைக் கொடியோடு முன்னே போய் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கிறார். கிடைத்த பிறகே மற்றவர்கள் வாசலுக்கு வரலாம். ஆடிப் பாடி அரிசி, கொத்துக்கறி அடைத்த சாசேஜ், கோழி யாசிப்பார்கள். வீட்டுக்காரர் உயிர்க்கோழியைப் பறக்கவிட, துரத்திப் பிடிக்க வேண்டும். மாலையில் எல்லாம் ஒரே அண்டாவில் ‘கம்போ’ குழம்பாகி ஊருக்கே சோறு.

உங்கள் வீட்டிலும் செய்யக்கூடியது கிங் கேக். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் தொடங்கி மார்டி கிரா வரை மட்டுமே உண்பது வழக்கம். மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 200 மில்லி, வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 75 கிராம், முட்டை 2, உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பால் சுட்டால் ஈஸ்ட் செத்து மாவு உப்பாது. மாவு இரண்டு மடங்கானதும் நீளமாகத் தேய்த்து, வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் தடவிச் சுருட்டி வளையமாக்குங்கள். ஓரத்தை அழுத்தி ஒட்டாவிட்டால் சர்க்கரை ஒழுகிக் கருகும். மீண்டும் உப்பியபின் 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். குழந்தைப் பொம்மை பிளாஸ்டிக், வேகவைத்தால் உருகும். ஆறியபிறகு அடிப்பக்கமாகச் செருகுங்கள், உண்பவர்களிடம் சொல்லியும் விடுங்கள். பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அடுத்த கேக் அவர் பொறுப்பு.

நியூ ஆர்லியன்ஸுக்கு நேரில் போவதானால் செயின்ட் சார்லஸ் அவென்யூவில் நில்லுங்கள். குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் ஏணி போட்டு உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். ஏணி எத்தனை அடி உயரமோ, அத்தனை அடி நடைபாதை விளிம்பிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். சாய்ந்தால் ஊர்திச் சக்கரத்தில் பிள்ளை விழக்கூடாது. தரையில் விழுந்த மாலையைக் குனிந்து எடுக்காதீர்கள், விரல் மிதிபடும்; முதலில் காலை வைத்து மறித்துக்கொள்ளுங்கள்.