டோஸை ஏத்தினா ஸ்டெடி ஸ்டேட் சீக்கிரம் வருமா: உங்க கிளாஸ் பிரச்சனைக்கு

ரத்தத்துல மருந்தோட லெவல் எப்படி மாறுதுன்னு காட்டுற சிமுலேஷன்ல பசங்க ஸ்லைடரை இஷ்டத்துக்கு இழுக்குறாங்க, ஆனா பரிட்சையில டோஸை டபுள் பண்ணா ஸ்டெடி ஸ்டேட் (உள்ள போற மருந்தும் வெளிய போற மருந்தும் சமமாகி லெவல் நிலையா நிக்கிற கட்டம்) சீக்கிரம் வந்துடும்னு தப்பா எழுதுறாங்கன்னு சொல்லியிருந்தீங்க. ரன் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி கிராஃப் எப்படி வரும்னு பேப்பர்ல கையால வரையச் சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் திரையைத் தொடணும், இதை மட்டும் விடாம செஞ்சாலே பெரிய வித்தியாசம் தெரியும், ஏன்னா தான் வரைஞ்ச கோடும் திரையில வர்ற கோடும் ஒத்துப்போகலன்னா அவங்களே ஏன்னு கேப்பாங்க.

உதாரணத்துக்கு டைகாக்ஸின்ங்கற இதய மருந்தைப் பாருங்க. கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அதோட ஹாஃப் லைஃப், அதாவது உடம்புல இருக்கற மருந்து பாதியாகுற நேரம், சுமாரா 36-48 மணி நேரம். லோடிங் டோஸ் (லெவலைச் சீக்கிரம் ஏத்த முதல்ல குடுக்கற பெரிய டோஸ்) இல்லாம தினம் 0.125 மி.கி. ஒரு தடவை, அப்புறம் 0.25 மி.கி. ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்க. லெவல் ரெண்டு மடங்காகும், ஆனா அங்க போய்ச் சேர ரெண்டுக்குமே அதே நாலஞ்சு ஹாஃப் லைஃப்தான், அதாவது ஒரு வாரம் பத்து நாள். அடுத்து டோஸைத் தொடாம கிளியரன்ஸை, அதாவது உடம்பு மருந்தை வெளியேத்துற திறனை, மட்டும் பாதியாக்கச் சொல்லுங்க, இப்போ ஹாஃப் லைஃபும் டபுள், லெவலும் டபுள், கிட்னி கெட்டவங்களுக்கு ஏன் டோஸைக் குறைக்கிறோம்னு பசங்களே சொல்லிடுவாங்க பாருங்க. ஒரு நேரத்துல ஒரு ஸ்லைடர்தான், மத்ததையெல்லாம் லாக் பண்ணிடுங்க.

ஃபெனிட்டாயின்ங்கற வலிப்பு மருந்தை கடைசியா வைங்க, அது தனி ரகம். அதை உடைக்கிற என்சைம் நிரம்பிடுச்சுன்னா டோஸைக் கொஞ்சம் ஏத்தினாலே லெவல் எகிறிடும். உங்ககிட்ட இருக்கறது நேர்கோட்டு மாடல் (டோஸ் ஏறுற அதே விகிதத்துல லெவலும் ஏறுற மாடல்) மட்டும்தான்னா அதுல ஃபெனிட்டாயினைப் போட்டுக் காட்டவே காட்டாதீங்க, தப்பாத்தான் மனசுல பதியும்.