பயிற்சி முடிந்து புத்தகத்தைத் திறந்தால் உறக்கம் வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் முதலாண்டு சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கும் கைப்பந்து வீரன் நான். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 5.30 முதல் 7.30 வரையும் மாலை 4.30 முதல் 6.30 வரையும் பயிற்சி. வகுப்பு 8.45 முதல் 4 மணி வரை. இரவில் புத்தகத்தைத் திறந்ததும் கண் சொக்குகிறது. முதல் இன்டர்னலில் கணிதத்தில் தேறவில்லை. கண்விழித்துப் படிப்பதா, விளையாட்டை விட்டுவிடுவதா?

பதில்: இரண்டுமே வேண்டாம். கண்விழிக்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. நாள்தோறும் 4 மணி நேரம் உடலை வருத்தும் உங்களுக்கு அதில் குறைக்க இடமே இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக உறங்கச் செய்து பார்த்தபோது, அவர்களுடைய ஓட்டம் விரைவானதையும், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தடையின்றிக் கூடைக்குள் எறியும் வாய்ப்பு) துல்லியம் 9 விழுக்காடு உயர்ந்ததையும் 2011-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதை உங்கள் பயிற்சியாளரும் மறுக்கமாட்டார்.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். காலை 5 மணிக்கு எழ வேண்டிய நீங்கள் இரவு 9.30-க்குப் படுத்தால்தான் ஏழரை மணி நேரம் உறங்க முடியும். மாலைப் பயிற்சி முடிந்து குளித்து, மெஸ்ஸில் சாப்பிட்டு வர 8 மணியாகிவிடும். ஆக, வார நாளில் படிப்புக்கு எஞ்சுவது ஒன்றரை மணி நேரம்; ஐந்து நாளுக்கும் சேர்த்து ஏழரை மணி நேரம். வகுப்பில்லாத சனிக்கிழமையில் எட்டு மணி நேரத்துக்கு மேலும், பயிற்சியும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஏறக்குறைய 12 மணி நேரமும் கைவசம் இருக்கின்றன. உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த இரண்டு நாளிலேயே குவிந்துகிடக்க, நீங்களோ களைத்த இரவுகளில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். வாரமெல்லாம் உறங்காதவர்கள் ஞாயிறு முழுவதும் உறங்கியே அந்த நேரத்தை இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கும்.

ஆகவே வார நாள் இரவில் புதுப்பாடம் எதையும் வாசிக்கத் தொடங்காதீர்கள். களைத்த உடல் வாசிக்கும்போது உறங்கிவிடும். கை எழுதிக்கொண்டிருந்தால் சற்றுத் தாங்கும். அன்று வகுப்பில் நடத்திய கணக்குகளில் மூன்றை, நோட்டைப் பார்க்காமல் தாளில் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் தடுமாறினீர்கள் என்பதைக் குறித்துவைத்துவிட்டு, 9.30-க்கு விளக்கை அணைத்துவிடுங்கள். கணிதத்தில் பின்தங்குபவர்களில் பலர் பாடம் புரியாதவர்கள் அல்லர். நடத்திய அன்றே போட்டுப் பார்க்காததால் இரண்டு வாரத்தில் மறந்துபோனவர்கள். குறித்துவைத்த தடுமாற்றங்களையும் வாசிக்க வேண்டிய மற்றப் பாடங்களையும் சனிக்கிழமை நான்கு மணி நேரம், ஞாயிறு முற்பகலில் ஐந்து மணி நேரம் என்று நூலகத்தில் அமர்ந்து முடியுங்கள். விடுதி அறை அதற்கு உதவாது.

வருகைப்பதிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அரியரைவிட நான் அஞ்சுவது அதைத்தான். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவக் காரணத்துக்காகவோ விளையாட்டுப் போட்டிக்காகவோ வகுப்புக்கு வராமல் 65 முதல் 74 விழுக்காட்டுக்குள் நிற்பவர்களை உரிய சான்றுகளின் பேரில் அனுமதிக்க இடமுண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி மாறுபடக்கூடும் என்பதால் உங்கள் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 60 வகுப்புகள் உள்ள பாடத்தில் 15-க்கு மேல் தவறினால் 75-க்குக் கீழே போய்விடுவீர்கள். ஐந்து நாள் போட்டி ஒன்றே அதில் நான்கைந்தை எடுத்துக்கொள்ளும். போட்டிக்குக் கிளம்புமுன்பே உடற்கல்வி இயக்குநரின் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி சார்பில் சென்றதற்கான) கடிதத்தில் வகுப்பு ஆலோசகரிடமும் துறைத்தலைவரிடமும் கையொப்பம் வாங்கி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டு அலைவது பெரும்பாடு.

பயிற்சியாளரிடம் பேசத் தயங்குகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து உணர்கிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு விதிகள், போட்டிக் காலத்திலும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்கின்றன; உங்களுடையது 24. எல்லா வாரமும் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. இன்டர்னல் நடக்கும் வாரத்தில் மட்டும் காலைப் பயிற்சியிலிருந்து விலக்குத் தரும்படி, தேதிகளைக் காட்டிப் பத்து நாள் முன்னதாகவே கேளுங்கள். அதற்கு இன்டர்னல் அட்டவணையும் போட்டி அட்டவணையும் ஒரே தாளில் உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த வாரமே இரண்டையும் வாங்கி, மோதும் தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டு, அந்தத் தாளோடு அவரைப் போய்ப் பாருங்கள்.